தம்ளரில் வெட்டிய பெருநாள் பிறை

பிறை வடிவில் வெட்டிய மாவு ஓவனில் வேகும்போது முதலில் கருகுவன அதன் இரு முனைகளே. நடுப்பகுதி இன்னும் வெளுத்திருக்க, மெலிந்த முனைகள் பழுப்பேறிவிடும். ஆறியபின் பெட்டியில் அடுக்கும்போது முதலில் முறிவனவும் அவையே. கடைகளில் கிடைக்கும் பிறை அச்சுகள் பெரும்பாலும் கூரிய முனை கொண்டவை. பார்வைக்கு அழகானவை, அடுப்புக்கு ஆகாதவை.

எங்கள் வீட்டில் பிறை வெட்டுவதற்கு ஓர் எவர்சில்வர் தம்ளரே போதுமானதாக இருக்கிறது. விரித்த மாவின்மேல் தம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் ஒரு வட்டம் கிடைக்கும். அதே தம்ளரை வட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்த்தி மறுபடியும் அழுத்தினால், தடித்த பிறை ஒன்று தனியே பிரிந்து வரும். அதன் முனைகளை ஈர விரலால் சற்றே மழுக்கிவிட்டால் கருகுவதும் குறையும், முறிவதும் குறையும். மிஞ்சுவது இருபுறமும் கூர்ந்த இலை போன்ற ஒரு துண்டு. முதல் முறை அதைப் பிசைந்து மாவோடு சேர்க்கப் போனபோது என் இளைய மகள் தடுத்து, "அது பேரீச்சம்பழம்" என்றாள். அன்றிலிருந்து அதுவும் தட்டில் ஏறுகிறது. நோன்புப் பெருநாளன்று பேரீச்சம்பழங்கள் உண்ணாமல் நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் புறப்பட மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீயில் உள்ளது. ஆறு வயதுச் சிறுமிக்கு அந்தச் சுன்னத்தை இவ்வளவு எளிதாக நினைவூட்டும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்குக் கேட்கும் சகோதரிகளுக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சீனி 200 கிராம், முட்டை ஒன்று, மைதா 380 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் வேண்டாம். அது மாவை உப்பச் செய்து வடிவத்தைக் குலைத்துவிடும். வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதம் போதும். பிசைந்த மாவைக் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு 6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூரிக்கட்டையால் விரிக்க வேண்டும். வெட்டிய வடிவங்களைத் தட்டோடு கால் மணி நேரம் உறையறையில் வைத்து எடுத்து, 175 பாகை செல்சியஸில் ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட வேண்டும். ஓரம் இலேசாக நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். நடுவில் வேகவில்லையே என்று காத்திருந்தால் ஆறியதும் கல்லாகிவிடும்.

இனி, இது எங்கள் வீட்டுக்குள் வந்த கதை.

கீழக்கரையில் பெருநாளை எவரும் முயன்று வரவழைக்க வேண்டியதில்லை. ரமளானின் இருபத்தேழாம் இரவு கழிந்துவிட்டால் தெருவே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தையற்கடைகளில் நள்ளிரவிலும் விளக்கெரியும். ஒரு வீட்டில் வட்டிலப்பம் அவியும், அடுத்த வீட்டில் தேங்காய்ப் பால் பிழிவார்கள். தொதலின் மணம் சந்து முழுவதும் நிற்கும். டொரண்டோவில் எங்கள் தெருவுக்குப் பெருநாள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது வாரநாளில் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்ல வேண்டும். கணவருக்கு அலுவலகத்தில் அரைநாள் கேட்க வேண்டும். தொழுதுவிட்டு வீடு திரும்பினால் வெளியே அது சாதாரணப் புதன்கிழமை.

மூத்தவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, பிடித்த பண்டிகையை வரையச் சொல்லியிருந்தார்கள். அவள் ஊசியிலை மரம் ஒன்றை வரைந்து, அதன் அருகே ஒரு தட்டு நிறைய நட்சத்திர பிஸ்கட்டுகளை வரைந்திருந்தாள். ஆசிரியை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் எந்தப் பண்டிகை என்று குறிப்பிடவில்லை. நானும் கடிந்துகொள்ளவில்லை. "ஏன் இதை வரைந்தாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"அவங்க வீட்டுல அன்னைக்கு ஒரு வாசனை வரும், உம்மா. நம்ம பெருநாளுக்கு வாசனையே இல்லையே."

இரண்டு நாட்கள் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அகீதா பற்றி விரிவுரை ஆற்ற முடியாது. ஆற்றினாலும் அது வாசனைக்கு விடையாகாது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்ன வாசனை எது? வெண்ணெயும் சீனியும் சூட்டில் பழுக்கும் மணம். அதை எழுப்புவதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஊசியிலை மரத்தை விட்டுவிட்டு வெண்ணெயையும் சீனியையும் எடுத்துக்கொண்டேன். அவ்வாண்டு ரமளானின் கடைசி வாரத்தில் எங்கள் அடுக்களையில் முதல் தட்டு வெந்தது.

2024ஆம் ஆண்டு ரமளானுக்கு என் உம்மா எங்களோடு தங்க வந்திருந்தார்கள். தட்டையும் தம்ளரையும் நான் எடுத்துவைத்தபோதே அவர்கள் முகம் மாறிவிட்டது.

"இது அவங்க கிறிஸ்மஸுக்குச் சுடுற பிஸ்கோத்துதானே? நமக்கு எதுக்கும்மா இது? வட்டிலப்பம் பண்ணினா பிள்ளைக திங்காதா?"

அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிற சமூகத்தாரைப் போல நடந்துகொள்வது குறித்து நபிமொழி எச்சரிக்கிறது. அந்நிய நாட்டில் பிள்ளை வளர்க்கும் எவரும் அந்த எச்சரிக்கையை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று ஒரு பிஸ்கட், நாளை ஒரு மரம் என்று சறுக்கிப்போன வீடுகளை உம்மாவும் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆயினும் அறிஞர்கள் அந்த எச்சரிக்கைக்கு விளக்கம் தரும்போது, பிற மதத்தாரின் வழிபாட்டுக்கும் அடையாளத்துக்கும் மட்டுமே உரியவற்றையும், மனிதர்கள் பொதுவாக உண்பன உடுப்பனவற்றையும் வேறு வேறாகவே வைக்கிறார்கள்.

உம்மாவிடம் நான் கஅக்கைப் பற்றிச் சொன்னேன். எகிப்தில் நோன்புப் பெருநாளுக்கு நெய்யும் மாவும் சேர்த்துச் சுட்டு, மேலே சீனித்தூள் தூவிய கஅக் இல்லாத வீடு அரிது. ஃபாத்திமியர் ஆட்சியில் பெருநாள் பண்டங்கள் செய்வதற்கென்றே தாருல் ஃபித்ரா என்றொரு தனி நிலையம் கெய்ரோவில் இருந்தது. சிரியாவிலும் லெபனானிலும் பலஸ்தீனிலும் ரவையைப் பிசைந்து, உள்ளே பேரீச்சம்பழமோ பிஸ்தாவோ வைத்து, மர அச்சில் தட்டி எடுக்கும் மஅமூலை முஸ்லிம்கள் பெருநாளுக்குச் செய்கிறார்கள். அவர்களின் கிறிஸ்தவ அண்டை வீட்டார் ஈஸ்டருக்குச் செய்கிறார்கள். ஒரே அச்சு, ஒரே மணம். இவ்வளவு ஏன், ஐரோப்பாவின் சுகர் என்ற சொல்லே அரபியரின் சுக்கர் என்ற சொல்லிலிருந்து போனதுதான். அது பாரசீகத்துக்கும் அப்பால், நம் சர்க்கரை பிறந்த அதே வேரில் போய் முடிகிறது.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசுற" என்றார்கள். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறையைப் பற்றியும் ஒரு சொல். பிறை நம் மார்க்கத்தின் புனிதச் சின்னம் என்று பலர் எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்படியொரு சின்னம் இருக்கவில்லை. உஸ்மானியர் கொடிகள் வழியாக அது பரவியது பிற்காலச் செய்தி. அல்பகரா அத்தியாயத்தின் 189ஆம் வசனம் பிறைகளை மனிதர்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்ற அளவில் நிறுத்துகிறது. எனவே பிறையைச் சுட்டுத் தின்பதில் எனக்குத் தயக்கமில்லை. தயக்கம் உள்ளது எழுத்தில். மூத்தவள் ஒருமுறை பிஸ்கட்டின்மேல் அல்லாஹ் என்று ஐசிங்கால் எழுத விரும்பினாள். பல்லில் கடிபட்டு, தரையில் துகளாக உதிரும் பொருளின்மேல் அந்தப் பெயர் வேண்டாம் என்றேன். 'ஈத் முபாரக்' எழுதுகிறோம். மற்றபடி பிறை, நட்சத்திரம், எகிப்தியரின் ரமளான் விளக்கு, எட்டு முனைக் கோலம் ஆகியவற்றோடு சரி. எட்டு முனைக்கு அச்சே வேண்டாம். ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பிவைத்துத் தாளில் வெட்டி, அந்தத் தாளை மாவின்மேல் வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டலாம்.

உள்ளே போவது என்ன என்பதில்தான் நம் கவனம் அதிகம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வடிவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிடுபவர்கள், மேலே தூவும் வண்ண மணிகளின் சீசாவைத் திருப்பிப் படிப்பதில்லை. அவற்றின் பளபளப்பு பல வேளைகளில் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்கால் வருவது. சிவப்பு கார்மைன் என்றால் அது ஒருவகைப் பூச்சியை உலர்த்தி அரைத்தது. இவை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, நாங்கள் தவிர்த்துவிடுகிறோம். ஜெலட்டின் இருந்தால் அது எந்த விலங்கினுடையது என்று தெரியாமல் வாங்குவதில்லை. வனிலா சாறு என்று விற்பனையாகும் திரவத்தில், அமெரிக்க விதிப்படி, குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருந்தாக வேண்டும். சுடும்போது ஆவியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுடாத ஐசிங்கிலும் அதையே ஊற்றுகிறார்களே! வனிலாத் தூள் கிடைக்கிறது, கிளிசரின் கலந்ததும் கிடைக்கிறது. நான் இரண்டையும் விட்டு ஏலக்காய்க்குப் போனேன். அதன்பின் எங்கள் பிஸ்கட்டின் மணம் அண்டை வீட்டாரின் டிசம்பர் மணத்திலிருந்து முற்றிலும் பிரிந்துவிட்டது. மகள் கேட்ட வாசனை இப்போது எங்களுக்கே உரியதாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 8, திங்கட்கிழமை. மார்ச் 11இல் நோன்பைத் தொடங்கிய எங்களுக்கு அது ரமளான் 29. அன்று பிற்பகல் சூரிய கிரகணம். டொரண்டோவில் சூரியன் கிட்டத்தட்ட முழுவதும் மறையும் என்பதால், பிள்ளைகளின் பள்ளிக்கு விடுமுறை அளித்திருந்தார்கள். வானத்தை மேகம் மூடியிருந்தது. மறைந்த சூரியனை நாங்கள் பார்க்கவில்லை. பகல் சட்டென்று மங்கி, தெருவிளக்குகள் எரியத் தொடங்கியதை மட்டும் சன்னலருகே நின்று பார்த்தோம். உம்மா கிரகணத் தொழுகைக்கு நின்றார்கள். நாங்களும் பின்னால் நின்றோம்.

தொழுது முடித்ததும் மூத்தவளின் கவலை வேறாக இருந்தது. பிஸ்கட்டுகள் முந்தின இரவே சுட்டாகிவிட்டன. ஐசிங் ஊற்றினால் உலர ஓர் இரவு முழுவதும் வேண்டும். இன்றிரவே பிறை தெரிந்து, நாளை பெருநாள் என்று அறிவித்துவிட்டால்? உம்மா சிரித்தார்கள். "சூரியனை மறைச்சது எது? நிலாதானே. இப்ப அது சூரியன் முன்னாடி நிக்குது. சாயந்தரத்துக்குள்ள எப்படிப் பிறையா வரும்? உனக்கு ஒரு நாள் கூடக் கிடைச்சிருக்கு" என்றார்கள். கீழக்கரைக் கடற்கரையில் வருடந்தோறும் பிறை தேடிய கண்ணின் கணக்கு அது. புதன்கிழமைதான் பெருநாள் என்று அறிவிப்பும் வந்தது. பிறைத் தகராறில் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கண்ட இந்த ஊரில், அவ்வாண்டு எங்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் ஒரே நாள்.

கிடைத்த அந்த ஒரு நாளில்தான் உம்மா மாறினார்கள்.

ஐசிங்குக்கு, பொடித்த சீனி 450 கிராம், உலர்ந்த முட்டை வெண்கருத் தூள் மூன்று மேசைக்கரண்டி, நீர் ஐந்தாறு மேசைக்கரண்டி. பச்சை வெண்கருவை நான் சேர்ப்பதில்லை. கிருமி அச்சம் உண்டு. இரண்டு பதம் வேண்டும். ஓரம் கட்டுவதற்குக் கெட்டிப் பதம். உள்ளே நிரப்புவதற்கு, கரண்டியால் கோடு இழுத்தால் பத்துப் பதினைந்து வரை எண்ணுவதற்குள் அந்தக் கோடு மறைந்துவிடும் பதம். கடையில் வாங்கிய பைகளால் மூத்தவள் ஓரம் கட்டினாள். கோடு நடுங்கி, கடைசியில் பொத்தென்று ஒரு குமிழ் விழுந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. பார்த்துக்கொண்டிருந்த உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியா பிடிப்பாங்க? கொண்டா."

பிளாஸ்டிக் தாளை முக்கோணமாக வெட்டி, ஒரே சுழற்றில் ஊசிமுனைக் கோனாக்கினார்கள். ஊரில் எத்தனையோ மணப்பெண்களின் கைகளுக்கு மருதாணி இட்ட விரல்கள் அவை. கெட்டிப் பதத்தை நிரப்பி, வாயை மடித்து, ஒரு பிறையின் விளிம்பில் தொட்டு, கோனை மேலே தூக்கினார்கள். ஐசிங் நூலாகத் தொங்கியது; அந்த நூலை வளைவின்மேல் கிடத்திக்கொண்டே போனார்கள். முனை பிஸ்கட்டில் உராயவே இல்லை. "தேய்க்காதே, தூக்கிப் போடு. மருதாணி அப்படித்தான்" என்று பேத்தியின் கையைப் பிடித்துக் காட்டினார்கள். பிறகு வளைவுக்குள் கொடி ஓடியது, கொடியில் மாங்காய் காய்த்தது, மாங்காய்க்குள் புள்ளி விழுந்தது. நோன்பு வைத்திருந்ததால் எங்களில் எவரும் ருசி பார்க்கவில்லை. தேவைக்கு நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் ஐசிங்குக்கு அது தேவைப்படவில்லை, ஏனெனில் நோன்பில்லாத இளையவள் அந்தப் பதவியை ஏற்கெனவே கைப்பற்றியிருந்தாள்.

இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் உம்மா கோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "எல்லாம் சரி. ஃபித்ரா கொடுத்தாச்சா?"

ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பள்ளிவாசல் அறிவித்த தொகையை என் கணவர் இணையத்தில் செலுத்திவிட்டதாகச் சொன்னேன். உம்மாவுக்கு அதில் நிறைவில்லை. கடமை நிறைவேறியதை அவர்கள் மறுக்கவில்லை. "பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். ஊரில் அரிசியைப் படியால் அளந்து பையில் கட்டி, பிள்ளைகளின் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். பிஸ்கட்டுக்கு 380 கிராம் மைதா நிறுத்த அதே தராசை மேசைமேல் இழுத்து வைத்தார்கள். ஒரு ஸாஉ என்பது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. தராசு சிறியது, அரிசியை மூன்று தடவையாக நிறுத்தோம். வீட்டில் ஐந்து பேர். இரண்டாம் ஆளுக்கே மூத்தவளுக்குக் கை வலித்தது. ஐந்தாவது பை கட்டி முடித்தபோது பன்னிரண்டரைக் கிலோ அரிசி மேசையில் இருந்தது. பக்கத்தில் அலங்கரித்த பிஸ்கட்டுகள் இரண்டு தட்டு. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதான் அதிகமா இருக்கு" என்றாள். "அப்படித்தான் இருக்கணும்" என்றார்கள் உம்மா. அந்த அரிசி மறுநாள் உணவு வங்கிக்குப் போனது.

பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் பெட்டிகளைக் கட்டினோம். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைக்கச் சொன்ன நபிமொழி அபூதர் (ரலி) வழியாக முஸ்லிமில் வருகிறது. இந்நாட்டில் அதோடு ஒரு துண்டுத் தாளும் சேர வேண்டும்: கோதுமை, முட்டை, பால் உண்டு; கொட்டை வகை இல்லை; ஜெலட்டின் இல்லை; ஆல்கஹால் இல்லை. ஒவ்வாமை உள்ள வீட்டில் இந்தத் தாள் இல்லாத பெட்டி குப்பைக்குத்தான் போகும். பிள்ளைகளின் பள்ளியில் கொட்டை வகைகளுக்கு அனுமதி இல்லாததால் பாதாமையும் பிஸ்தாவையும் நான் எதிலும் சேர்க்கவில்லை. எதிர்வீட்டு முதியவர் தாளை இருமுறை படித்துவிட்டு, "ஆல்கஹால் இல்லை என்பது குறையா, நிறையா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு இது எந்த மணம் என்று கேட்டார். ஏலக்காய் என்றேன்.

வியாழக்கிழமை மூத்தவள் தன் வகுப்புக்கு 26 பிஸ்கட்டுகள் கொண்டுபோனாள். ஒரு பையன் பிறையை எடுத்து, இது வாழைப்பழமா என்று கேட்டானாம். இது மாதத்தின் முதல் நாள் நிலா, இது தெரிந்தால்தான் எங்களுக்குப் பெருநாள், திங்கட்கிழமை சூரியனுக்கு முன்னால் நின்றதும் இதே நிலாதான் என்று சொன்னாளாம். அதன்பின் வகுப்பில் எல்லாரும் பிறையே கேட்டார்கள். பேரீச்சம்பழங்கள் ஆறு மிஞ்சி வந்தன.

உம்மா மே மாதம் ஊர் திரும்பினார்கள். ஜூன் மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது மூத்தவள் தொலைபேசியில் ஆலோசனை கேட்டாள்: ஆடு வெட்டலாமா, மாவில்? வெட்டு, ஆனால் கண்ணும் மூக்கும் வரையாதே என்று பதில் வந்தது. கஅபா? அதைக் கடிக்க மனசு வராது, வேண்டாம். சிறிது நேரம் இருவரும் யோசித்தார்கள். தான் ஹஜ்ஜுக்குப் போனபோது மினாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைக் கூடாரங்கள் நின்றதை உம்மா சொல்லத் தொடங்கினார்கள். மகள் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு தாளில் முக்கோணம் ஒன்றை வரைந்து, மேலே எத்தனை கோடு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.